வடிவம் கொள்ளாத புரதங்களின் ஆய்வகம்

புரதங்களையும் நியூக்ளிக் அமிலங்களையும் இயற்பியல் முறைகளால் ஆராயும் பல்கலைக்கழக ஆய்வகத்தின் கதை தமிழ்நாட்டில் 1952-இல் தொடங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் புதிதாக அமைத்த இயற்பியல் துறைக்கு அந்த ஆண்டு ஜி.என். ராமச்சந்திரன் தலைவராக வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதைச் சுற்றி. துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் முதலில் அழைத்தது சி.வி. ராமனை, ராமன் தம் மாணவரின் பெயரைச் சொல்லி அனுப்பினார். அதே காலத்தில் சென்னைக்கு வந்த படிகவியலாளர் ஜே.டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் தீர்க்கப்படாமல் கிடப்பதைப் பேச்சுவாக்கில் சொன்னார். கிண்டியில் உருவான ஆய்வகத்தின் முதல் பெரிய வேலை அந்தப் பேச்சிலிருந்து பிறந்தது.

வேலைக்கு முதலில் வேண்டியது கோட்பாடு இல்லை, சுத்தமான மாதிரி. நார்ப் புரதத்தின் மேல் எக்ஸ் கதிரைச் செலுத்திப் படம் எடுத்தால், நார்கள் ஒரே திசையில் படிந்திருந்தால்தான் புள்ளிகள் தெளிவாக விழும். இல்லாவிட்டால் படலத்தில் மங்கலான வளையங்களே மிஞ்சும். பக்கத்தில் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கங்காரு வால் தசைநாண் கிடைத்தது. அதில் கொலாஜன் சுத்தமாகவும் சீராகவும் இருந்தது. தோல் பதனிடும் தொழிலுக்காக நிறுவப்பட்ட ஒரு நிலையம் புரத அறிவியலுக்கு மூலப்பொருள் தந்தது தற்செயல் என்று தோன்றலாம். ஆனால் இந்தத் துறையில் நல்ல ஆய்வகங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. மாதிரி எங்கே கிடைக்கும் என்று அறிந்தவர்களே முன்னால் போகிறார்கள்.

கோபிநாத் கர்த்தாவும் ராமச்சந்திரனும் 1954-இல் ‘நேச்சர்’ இதழில் கொலாஜனுக்கு மூன்று சங்கிலிகள் கொண்ட ஓர் அமைப்பை முன்வைத்தார்கள். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தாக வேண்டும் என்பதை அந்த அமைப்பு இயல்பாக விளக்கியது: மூன்று சங்கிலிகளும் நெருங்கும் அச்சுப் பகுதியில் வேறு எதற்கும் இடம் கிடையாது. மறு ஆண்டே அதைத் திருத்தி, மூன்று சுருள்களும் சேர்ந்து மேலும் ஒரு பெருஞ்சுருளாக முறுக்கிக்கொள்ளும் வடிவத்தை வெளியிட்டார்கள். உடனே கேம்பிரிட்ஜிலிருந்து மறுப்பு வந்தது. அலெக்ஸாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் சென்னை அமைப்பில் சில அணுக்கள் மிக நெருங்கி நிற்கின்றன என்றார்கள். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்பது பொருந்தாது, ஒன்றுதான் இருக்க முடியும் என்றார்கள். 1994-இல் ஒரு கொலாஜன் வகைப் பெப்டைடின் படிகம் தெளிவாகத் தீர்க்கப்பட்டபோது நேரடிப் பிணைப்பு ஒன்றே என்பது உறுதியாயிற்று. மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய பெருஞ்சுருள் என்ற அடிப்படை கிண்டியில் சொன்னபடியே நின்றது.

அந்த மறுப்பில் ஒரு கேள்வி ஒளிந்திருந்தது. அணுக்கள் ‘மிக நெருங்கி’ நிற்கின்றன என்றால், எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு யாரிடம் கணக்கு இருந்தது? ராமச்சந்திரனும் வி. சசிசேகரனும் அதுவரை வெளியான சிறு மூலக்கூறுப் படிகங்களையெல்லாம் தேடி, பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் வரை கிட்ட வந்திருக்கின்றன என்று பட்டியலிட்டார்கள். கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையில் சாதாரணமாக 3.2 ஆங்ஸ்ட்ராம், மிஞ்சிப்போனால் 3.0. ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 2.0, எல்லை 1.9. இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு எண்கள் கிடைத்தன. பிறகு சி. ராமகிருஷ்ணன், புரதச் சங்கிலியில் சுழலக்கூடிய இரண்டு கோணங்களை, ஃபை, சை என்பவற்றை, படிப்படியாகத் திருப்பி, எந்தத் திருப்பத்தில் எந்த அணு எதோடு முட்டுகிறது என்று கணக்கிட்டார். கணினியின் உதவி இல்லாமல், மேசைக் கணக்குப் பொறியிலேயே இந்த வேலை நடந்தது. 1963-இல் மூவர் பெயரிலும் வெளிவந்த அந்த வரைபடம் இன்று உலகெங்கும் ராமச்சந்திரன் வரைபடம் என்று அறியப்படுகிறது.

வரைபடம் சொல்வது தடைகளை. அலனின் போன்ற அமினோ அமிலத்துக்கு மொத்தப் பரப்பில் கால் பங்குக்கும் குறைவான இடமே அனுமதிக்கப்பட்டது. மற்ற இடங்களில் அணுக்கள் முட்டிக்கொள்ளும். பக்கக் கிளை இல்லாத கிளைசினுக்குப் பாதிக்கு மேல் திறந்திருக்கிறது. ஆல்ஃபா சுருள், பீட்டா தகடு, கொலாஜன் சுருள் ஆகிய எல்லாம் அனுமதிக்கப்பட்ட பகுதிகளுக்குள் ஒழுங்காக விழுந்தன. மடிந்த புரதத்தில் ஒவ்வொரு கண்ணியும், அதாவது ஒவ்வொரு அமினோ அமிலமும், அந்தப் பரப்பில் ஒரு புள்ளியில் நிலைகொள்கிறது. நிலைகொள்ளாத புரதம் ஒன்று இருந்தால் அது அனுமதிக்கப்பட்ட பகுதி முழுவதும் அலைந்துகொண்டிருக்கும். இந்த இரண்டாவது செய்தியும் வரைபடத்தில் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அதை யாரும் தேடாமல் பல ஆண்டுகள் போயின.

காரணம், அந்த ஆண்டுகள் படிகத்தின் ஆண்டுகள். மயோகுளோபின், லைசோசைம், ரைபோநியூக்ளியேஸ் என்று ஒவ்வொரு புரதமாகத் தீர்ந்துகொண்டிருந்தது. சென்னையிலிருந்து அமெரிக்கா சென்ற கர்த்தா 1967-இல் பஃபலோ நகரில் பெல்லோ, ஹார்க்கர் ஆகியோருடன் ரைபோநியூக்ளியேஸின் அமைப்பை வெளியிட்டார். படிகத்தை நம்பி வேலை செய்யும் ஆய்வகங்களில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. எலெக்ட்ரான் அடர்த்திப் படத்தில் சங்கிலியின் ஒரு துண்டு தெரியாவிட்டால், ‘இந்தப் பகுதி காணவில்லை’ என்று அடிக்குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டு மேலே போவது. படிகம் வளராத புரதம் என்றால், தொங்கிக்கொண்டிருக்கும் வாலை மரபணுவிலேயே வெட்டிவிட்டு மீண்டும் முயல்வது. வெட்டி எறியப்பட்ட அந்த வால்கள்தான் பிறகு ஒரு தனித் துறையாயின. அடிக்குறிப்பில் கிடந்த செய்தியை ஒரு தலைமுறை கவனிக்கத் தவறியது பெரிய இழப்பு.

நியூக்ளிக் அமிலங்களின் பக்கமும் இதே போன்ற பிடிவாதம் இருந்தது. ராமச்சந்திரன் 1970-இல் சென்னையை விட்டுச் சென்று, பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை அமைத்தார். சசிசேகரனும் அங்கே சென்றார். 1976-இல் அவருடைய குழு டி.என்.ஏ.வின் நார்ப் படங்களை மீண்டும் எடுத்துக்கொண்டு, வலப்பக்க முறுக்கு மட்டும்தான் அவற்றோடு ஒத்துப்போகும் என்பதற்குக் கட்டாயம் இல்லை என்று காட்டியது. வலமுறுக்கும் இடமுறுக்கும் மாறி மாறி வர, இரண்டு இழைகளும் பக்கம் பக்கமாகக் கிடக்கலாம் என்பது அவர்கள் வாதம். நியூசிலாந்தில் வேறொரு குழு தனியாக அதே போன்ற முடிவுக்கு வந்திருந்தது. 1979-இல் கிரிக், வாங், பாயர் மூவரும் வட்ட டி.என்.ஏ.க்களில் இழைகள் எத்தனை முறை பின்னிக்கொள்கின்றன என்ற அளவீடுகளை வைத்து இரட்டைச் சுருளே சரி என்று நிறுவினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் இடமுறுக்கு டி.என்.ஏ. ஒன்று ஒற்றைப் படிகத்தில் கண்முன் வந்தது. பக்கம் பக்கமாகக் கிடக்கும் அமைப்பு தோற்றது. இடமுறுக்கு முடியும் என்ற பகுதி நின்றது. மங்கலான நார்ப் படத்திலிருந்து எவ்வளவு தூரம் பேசலாம் என்பதை இந்தத் துறை அந்தச் சண்டையில் கற்றது. ஓர் அளவீடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பிரித்தறிவதே உயிர் இயற்பியலின் நடைமுறை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1999-இல் பீட்டர் ரைட்டும் ஜேன் டைசனும், நிலையான மடிப்பு இல்லாமலேயே வேலை செய்யும் புரதங்கள் ஏராளம் என்று எழுதிய கட்டுரை பலருடைய கண்ணைத் திறந்தது. கருவுள்ள உயிரினங்களின் புரதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் நீளமான ஒழுங்கற்ற துண்டுகள் உண்டு என்று வரிசைக் கணிப்புகள் பிறகு காட்டின. இதோடு கிண்டி வரைபடம் நேரடியாகச் சேரும் இடம் 2000-இல் வந்தது. ஒவ்வொரு கண்ணியும் பக்கத்துக் கண்ணியைப் பொருட்படுத்தாமல் தன் ஃபை, சை கோணங்களைத் தேர்ந்துகொள்கிறது என்று பாலிமர் அறிஞர் ஃப்ளோரி கருதியிருந்தார். ரோகித் பப்பு, ராஜ்கோபால் சீனிவாசன், ஜார்ஜ் ரோஸ் மூவரும் அலனின் சங்கிலிகளில் கணக்குப் போட்டு, சங்கிலி நீளும்போது பக்கத்துக் கண்ணிகளோடு முட்டுவதும் சேர்ந்து, அனுமதிக்கப்பட்ட இடம் மேலும் சுருங்குகிறது என்று காட்டினார்கள். ஒழுங்கற்ற சங்கிலிக்கும் சட்டம் உண்டு. மேசைக் கணக்குப் பொறியில் தொடங்கிய முட்டல் கணக்கு, வடிவம் இல்லாத புரதத்தின் கணக்காக வளர்ந்த இடம் இதுதான்.

ஒழுங்கற்ற புரதங்களை எடுத்துக்கொள்ளும் ஆய்வகத்தின் அன்றாடம் மடிந்த புரதங்களின் ஆய்வகத்திலிருந்து பல வகையில் மாறுபடும். பார்க்கின்சன் நோயோடு தொடர்புள்ள ஆல்ஃபா சைனூக்ளின் 140 கண்ணிகள் கொண்டது. அதை ஈ.கோலை பாக்டீரியாவில் வளர்த்து, செல்களை உடைத்து, அந்தச் சாற்றைக் கொதிக்க வைப்பார்கள். மற்றப் புரதங்கள் வெந்து திரண்டு அடியில் விழும்; சைனூக்ளின் கரைசலிலேயே நிற்கும். கெடுவதற்கு மடிப்பு இல்லாத புரதத்தைச் சூடு என்ன செய்யும்? புதிதாக வரும் மாணவர்கள் இதை நம்ப ஒரு நாள் ஆகும். ஆனால் கொதிநீரைத் தாங்கும் இதே புரதத்தை மிகக் குறைந்த அளவுப் புரோட்டியேஸ் நொதி சிறிது நேரத்தில் துண்டாக்கிவிடும், ஏனென்றால் மூடி மறைத்த பகுதி எதுவும் அதில் கிடையாது. ஆகவே நொதித் தடுப்பான்களைச் சேர்ப்பதில் கஞ்சத்தனம் கூடாது.

ஜெல்லில் ஓட்டினாலும் அது ஏமாற்றும். 14.5 கிலோடால்டன் எடையுள்ள சைனூக்ளின் 18-ஐ ஒட்டி நிற்கும், எதிர்மின்னூட்டம் மிகுந்த வால் சோப்பு மூலக்கூறுகளைக் குறைவாகப் பிடிப்பதால். அளவெடுப்பதும் கடினம். புரதத்தின் செறிவைப் புற ஊதாக் கதிரில் 280 நானோமீட்டரில் பார்ப்பது வழக்கம். அங்கே ஒளியை உறிஞ்சும் டிரிப்டோஃபேன் சைனூக்ளினில் ஒன்றும் இல்லை, டைரோசின் நான்கே உண்டு. துளி டி.என்.ஏ. கலந்திருந்தாலும் அளவு தப்பும். நேர்மின்னூட்டம் மிகுந்த ஒழுங்கற்ற புரதங்களோடு பாக்டீரியாவின் நியூக்ளிக் அமிலம் ஒட்டிக்கொண்டே வருவதால், அதிக உப்பில் கழுவி, 260-க்கும் 280-க்கும் உள்ள விகிதத்தைப் பார்க்காமல் மேற்கொண்டு போகவே கூடாது. பிணைப்பு அளவீடுகளில் காணும் பல விந்தையான முடிவுகளுக்கு இந்த ஒட்டுண்ணியே காரணமாக இருந்திருக்கிறது.

பிறகு வருவன கருவிகள். சர்க்குலர் டைக்ரோயிசம் (சி.டி.) கருவியில் 200 நானோமீட்டர் அருகே ஆழமான பள்ளம் விழுந்தால் சங்கிலி குலைந்திருக்கிறது என்று பொருள். என்.எம்.ஆர். நிறமாலையில் மடிந்த புரதத்தின் அமைட் ஹைட்ரஜன்கள் 6 முதல் 10 பி.பி.எம். வரை பரந்து நிற்கும். ஒழுங்கற்றது 8-ஐச் சுற்றி நெருக்கியடித்துக் கிடக்கும். அதிகக் காந்தப்புலம் கொண்ட என்.எம்.ஆர். கருவி ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் எட்டாது என்பதால், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் தேசிய வசதி பல இந்தியக் குழுக்களுக்கு நெடுங்காலம் துணை நின்றது. ஒற்றை மூலக்கூறு ஃப்ரெட் முறையில், புரதத்தின் இரண்டு இடங்களில் இரண்டு சாயங்களைப் பொருத்தி, லேசர் குவியத்தின் வழியே ஒவ்வொரு மூலக்கூறாக ஒரு மில்லி நொடி அளவில் கடந்துபோகும்போது அவற்றின் இடைவெளியை அளப்பார்கள். இதற்குக் கரைசல் பிக்கோமோலார் அளவுக்கு நீர்த்திருக்க வேண்டும். அவ்வளவு நீர்த்த கரைசலில் புரதம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு காணாமல் போய்விடும். கண்ணாடியைப் பூசிப் பதப்படுத்துவதும், துளி ட்வீன் சோப்பு சேர்ப்பதும் அறிந்த பிறகே ஒரு குழு இந்த முறையில் நம்பத்தக்க எண்ணை எடுக்கிறது.

இந்த முறைக்கும் சிறுகோண எக்ஸ் கதிர்ச் சிதறலுக்கும் இடையே பல ஆண்டுகள் நீடித்த ஒரு பூசல் நினைவில் வைக்கத் தக்கது. குலைக்கும் வேதிப்பொருளைக் குறைத்துக்கொண்டே வந்தால் மடியாத சங்கிலி சுருங்குகிறது என்று ஃப்ரெட் சொன்னது. சுருங்கவில்லை என்று சிதறல் சொன்னது. ஒரே புரதம், ஒரே நிலை, இரண்டு பதில். சாயங்களே சங்கிலியை இழுக்கின்றன என்று ஒரு தரப்பு. சிதறலின் நுட்பம் போதாது என்று மறுதரப்பு. 2017 வாக்கில் வெளியான ஆய்வுகள் முடிச்சைப் பெரும்பாலும் அவிழ்த்தன. ஃப்ரெட் அளப்பது சங்கிலியின் இரு முனைகளுக்கு இடையிலான தூரம். சிதறல் அளப்பது மொத்தப் பரவல். ஒழுங்கான பாலிமர்ச் சூத்திரம் ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்கிட்டுவிடலாம் என்று இரு தரப்பும் எடுத்துக்கொண்டிருந்தன. புரதம் வேறு வேறு கண்ணிகள் கோத்த சங்கிலி; அதில் ஒன்று மாறி மற்றது மாறாமல் இருக்க முடியும். இரு தரப்பின் அளவீடுகளையும் மதித்தபோதுதான் இந்தப் பூசல் தீர்ந்தது.

கிண்டிக்கு மேற்கே 70 கிலோமீட்டர் அளவில், ஒழுங்கற்ற புரதம் ஒன்று தினமும் கைகளில் புழங்குகிறது. காஞ்சிபுரத்துக்கும் முசரவாக்கம் போன்ற சுற்றூர்களுக்கும் உரிய பட்டின் கதை அது. நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. தறிக்கு ஏறும் முன் சோப்பும் சோடாவும் சேர்த்துக் கொதிக்க வைத்துப் பசையை எடுப்பார்கள். எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறையும், பளபளப்பும் மென்மையும் வரும். போகும் பசை செரிசின் என்ற புரதம். கரைசலில் பெரும்பாலும் வடிவம் கொள்ளாதது. நிற்கும் இழை ஃபைப்ராயின். அதன் கனச் சங்கிலியில் 5,263 அமினோ அமிலங்கள். பெரும்பகுதி கிளைசின், அலனின், கிளைசின், அலனின், கிளைசின், செரின் என்று திரும்பத் திரும்ப வருவது. புழுவின் சுரப்பிக்குள் இந்தச் சங்கிலி 25 விழுக்காட்டுக்கும் மேலான செறிவில், திரளாமல், பிசுபிசுப்பான திரவமாக நிற்கிறது. சுரப்பியின் வழியே நகரும்போது அமிலத்தன்மை கூடி, பி.எச். அளவு 8-க்குச் சற்று மேலிருந்து 6 அருகே இறங்குகிறது, உப்புகள் மாறுகின்றன, கடைசிக் குறுகல் குழாயில் இழுபடுகிறது. அந்த இழுப்பில் சங்கிலிகள் பீட்டா தகடுகளாக அடுக்கிக்கொண்டு, நீரில் கரையாத இழையாகிவிடுகின்றன. இந்தத் தகட்டு அமைப்பை 1955-இல் மார்ஷ், கோரி, பாலிங் தீர்த்தார்கள். அதே ஆண்டில்தான் கிண்டியில் கொலாஜனின் பெருஞ்சுருளும் உருவானது.

ஆய்வகத்தில் இதைத் தலைகீழாக ஓட்டலாம். பட்டு நூலை நீர்த்த சோடியம் கார்பனேட்டில் அரை மணி நேரம் கொதிக்க வைத்துப் பசையை நீக்கி, 9.3 மோலார் லித்தியம் புரோமைடில் 60 டிகிரி சூட்டில் கரைத்து, இரண்டு நாள் நீரில் டயாலிசிஸ் செய்தால் ஃபைப்ராயின் மீண்டும் கரைசலாகும். சி.டி. கருவியில் 200-ஐ ஒட்டிய பள்ளம் தெரியும். குலுக்கினாலோ, அமிலம் சேர்த்தாலோ, குளிர்ப்பெட்டியில் வாரக்கணக்கில் மறந்துவிட்டாலோ அது ஜெல்லாக உறையும். பள்ளம் 218-க்கு நகரும். அதிக நேரம் கொதித்த நூலில் சங்கிலி அறுந்து குட்டையாகும், உறையும் வேகமும் மாறும். மாணவர்களுக்கு ஒழுங்கின்மையிலிருந்து ஒழுங்கு பிறப்பதைக் காட்ட இதைவிட மலிவான, கண்ணால் பார்க்கக்கூடிய சோதனை வேறில்லை. விலையுயர்ந்த பெப்டைடுகளை வரவழைக்கும் முன் பல்கலைக்கழக ஆய்வகங்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

நியூக்ளிக் அமிலங்களுக்கு வேறு ஒழுக்கம் வேண்டும். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பாஸ்ஃபேட், ஒவ்வொன்றுக்கும் ஓர் எதிர்மின்னூட்டம். இரட்டை இழை டி.என்.ஏ. 50 நானோமீட்டர் வரை விறைப்பாக நிற்கும்; ஒற்றை இழை ஒரு நானோமீட்டர் அளவிலேயே வளையும். அதனால் உப்பின் அளவு மாறினால் ஒற்றை இழையின் பருமனே மாறிவிடும். உப்பு குறிக்கப்படாத அளவீட்டுக்கு மதிப்பு இல்லை. ஆர்.என்.ஏ.வோடு வேலை செய்பவர்களின் முதல் பகை ரைபோநியூக்ளியேஸ், கர்த்தா தீர்த்த அதே வகை நொதி. அது விரலிலும் தூசியிலும் இருக்கிறது. நான்கு டைசல்ஃபைடு பிணைப்புகளால் இறுகக் கட்டப்பட்டிருப்பதால் கொதிக்க வைத்தாலும் ஆறியதும் மடிந்து வேலைக்குத் திரும்பும். தனிக் கையுறை, தனிப் பிப்பெட், பதப்படுத்திய நீர் என்று ஒரு மேசையை ஒதுக்குவதைத் தவிர வழி இல்லை.

ஒழுங்கற்ற புரதமும் நியூக்ளிக் அமிலமும் சேரும்போது தோன்றுவது இந்தத் துறையின் இப்போதைய மையம். நேர்மின்னூட்டப் புரதத்தோடு ஆர்.என்.ஏ.வைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் தெளிந்த கரைசல் கலங்கும். நுண்ணோக்கியில் துளிகள் தெரியும். மேலும் சேர்த்தால் கலங்கல் தெளியும். முதலில் மின்னூட்டங்கள் சமப்பட்டுச் சங்கிலிகள் கூடுகின்றன; பிறகு ஆர்.என்.ஏ. மிகுந்து தொகுதி முழுதும் எதிர்மின்னூட்டம் பெற்று விலகுகின்றன. பிரியா பானர்ஜி, அசோக் டெனிஸ் உள்ளிட்ட குழு 2017-இல் இந்தக் கலங்கித் தெளியும் மாற்றத்தை விரிவாகக் காட்டியது. மறு ஆண்டில் இன்னும் வியப்பான செய்தி வந்தது. டி.என்.ஏ.வைக் கட்டும் ஹிஸ்டோன் எச்1-இன் நிகர மின்னூட்டம் +53, புரோதைமோசின் ஆல்ஃபா என்ற புரதத்தினுடையது −44. இரண்டும் மிக உறுதியாகப் பிணைந்த பிறகும் இரண்டிலும் நிலையான வடிவம் எதுவும் தோன்றவில்லை. சாவியும் பூட்டும் என்று பாடநூலில் படித்தவர்களுக்கு இது புதிய பாடம். மும்பை ஐ.ஐ.டி.யில் சமீர் மாஜியின் குழு 2020-இல் ஆல்ஃபா சைனூக்ளின் துளிகள் நாளடைவில் இறுகி, நோயில் காணும் நார்களாக மாறுவதைப் பதிவு செய்தது.

அமைப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு வந்த பின் மடிந்த புரதங்களின் ஆய்வகங்கள் வேலையை மாற்றிக்கொண்டன. ஒழுங்கற்ற பகுதிகளில் அது குறைந்த நம்பிக்கை எண்ணோடு நூலை அவிழ்த்துவிட்டதுபோல் ஒரு சங்கிலியை வரைகிறது. ஒழுங்கின்மை எங்கே என்று காட்டுவதற்கு அது பயன்படும். சங்கிலி எந்த வடிவில் எவ்வளவு நேரம் செலவிடுகிறது என்பதை அது சொல்லாது. அதற்கு இன்றும் என்.எம்.ஆர்., சிதறல், ஃப்ரெட் மூன்றையும் சேர்த்து, ஆயிரக்கணக்கான வடிவங்களின் தொகுதியாகத்தான் விடை எழுதுகிறார்கள். அத்தகைய தொகுதிகளைச் சேமிக்கத் தனித் தரவகமும் உண்டு. சேரும் ஒவ்வொரு வடிவத்திலும் ஃபை, சை கோணங்கள் 1963-இல் வரைந்த எல்லைக்குள் விழுகின்றனவா என்று சரிபார்ப்பது இன்றும் வழக்கம்.